நடக்காத கூட்டத்துக்கு ஒரு கையெழுத்து

வாசகர் கேள்விகளும் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் பதில்களும்

கமிட்டி வேலையை வெட்டி வேலை என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்று போன இதழில் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். ஒரே வரிதான். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூன்று கல்லூரிகளில் 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். அட்மிஷன் கமிட்டி முதல் கேண்டீன் கமிட்டி வரை பெரும்பாலான குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: சுயநிதிக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஒன்பது கமிட்டிகளில் என் பெயர் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வரப்போகிறது என்பதால், கடந்த இரண்டு வருடத்துக்கான ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரிக்குள் தரத்தைக் கவனிக்கும் குழு) மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்புகள், எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டங்கள் நடக்கவே இல்லை. போடவில்லை என்றால் வேலைக்குச் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் மேடம்?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: போடாதீர்கள் தம்பி.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, நான் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம். மாணவர் குறைதீர் குழுவில் எல்லோரையும்விட நான்தான் சின்னவள். வருடத்துக்கு நான்கு கூட்டம் என்பது கணக்கு. ஒன்றுகூட நடக்கவில்லை. மார்ச் கடைசியில் அலுவலகத்திலிருந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வந்தது. நான்கு பக்கம், நான்கு தேதி, நான்கிலும் ஒரே வாசகம்: 'மாணவர்களிடமிருந்து புகார் ஏதும் வரவில்லை.' எனக்கு அடுத்த மணிக்கு பிராக்டிகல் இருந்தது. லேப் வாசலில் நின்றபடியே நான்கு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூனில் கல்லூரி திறந்தபோது இரண்டாம் வருட மாணவி ஒருத்தி வரவில்லை. பென்னாகரத்துக்கு மேலே ஒரு மலைக் கிராமம். நன்றாகப் படிக்கிற பெண். விசாரித்தால், உதவித்தொகை வந்து சேரவில்லை, ஹாஸ்டல் பாக்கி நிற்கிறது என்று அவளுடைய ஹால் டிக்கெட்டைக் கொடுக்காமல் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அவள் சும்மா இருக்கவில்லை. நவம்பரிலேயே குறைதீர் குழுவுக்கு என்று முகவரி போட்டு மனு எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு கூட்டம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

அவளுடைய அப்பா ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். மனுவின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "அந்தக் குழுவுல நீங்களும் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அடுத்த வாரம் அவர்கள் ஊருக்கே போனேன். அதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவள் திரும்பப் படிக்க வரவில்லை.

இதைப் பல வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களுக்காக எழுதுகிறேன். ஹால் டிக்கெட்டை நிறுத்தியது நானில்லை. ஆனால் 'புகார் ஏதும் வரவில்லை' என்று எழுதிய பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. ஒரு மாணவி எழுதிய கடிதத்தை இல்லை என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் விதி என்ன சொல்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.க்யூ.ஏ.சி. காலாண்டுக்கு ஒரு முறையாவது கூடவேண்டும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இருக்கவேண்டும், அஜெண்டா, மினிட்ஸ், எடுத்த நடவடிக்கை அறிக்கை மூன்றும் கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்பது நாக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதல். அந்தக் குழுவில் முதல்வரும் ஆசிரியர்களும் மட்டுமல்ல, நிர்வாகத்திலிருந்து ஒருவர், உள்ளூர்ப் பிரமுகர், மாணவர், முன்னாள் மாணவர், தொழில் துறையிலிருந்து ஒருவர் என்று வெளியாட்களும் உண்டு. அத்தனை பேரும் வந்ததாக நீங்கள் எழுதப் போகிறீர்கள். நாக் குழு மாணவர்களோடும் முன்னாள் மாணவர்களோடும் பேசும். "கடைசியாக எந்தக் கூட்டத்துக்கு வந்தீர்கள், என்ன பேசினீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அப்புறம், முதல்வரை அவர் அறையில் போய்ப் பாருங்கள். எல்லோர் முன்னாலும் இதைப் பேசவேண்டாம். உங்கள் மேல் அக்கறை உள்ள ஒரு சீனியரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். "சார், நடக்காத கூட்டத்துக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது. இந்த வாரமே ஒரு கூட்டம் போடலாம். இரண்டு வருடத்தில் நடந்த வேலைகளை நானே தொகுத்து எடுத்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். இரண்டாவது பாதி முக்கியம். மறுப்பதோடு நிறுத்தினால் உங்களைப் பிரச்சினை பண்ணுகிறவர் என்பார்கள். வேலையை ஏற்றுக்கொண்டு மறுக்கிறவரை அப்படிச் சொல்வது கடினம். கூட்டம் நடக்காவிட்டாலும் வேலை நடந்திருக்கும். என்.எஸ்.எஸ். முகாம் நடந்திருக்கும், சான்றிதழ் வகுப்பு நடந்திருக்கும், பாடத்தில் பின்தங்கியவர்களை யாராவது சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் தேதியோடு எடுங்கள். மினிட்ஸில் முதல் பத்தியாக, 'முந்தைய இரண்டு ஆண்டுகளில் குழு முறையாகக் கூடவில்லை. அக்காலத்தில் நடந்த பணிகள் கீழே தொகுக்கப்பட்டுள்ளன' என்று எழுதுங்கள்.

என் மூன்றாவது கல்லூரியில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். முதல்வருக்குக் கை நடுங்கியது, எனக்கும்தான். வந்தவர்கள் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்கள். அதற்குப் பிறகு கூட்டங்கள் நடந்தனவா என்று மட்டும் கேட்டார்கள். நடந்திருந்தன. நோட்டை எடுத்துக் காட்டினோம்.

உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் உறுதி சொல்வது சரியில்லை. சுயநிதிக் கல்லூரியில் மூன்று வருடம் என்றால் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் மாட்டிக்கொள்கிற நாளில் அந்த நோட்டில் இருக்கும் பெயர்களில் மிகச் சின்ன பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும். அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒன்பது கமிட்டி ஒரு ஆள் செய்கிற காரியமில்லை. இரண்டில் இருந்து ஒழுங்காகச் செய்கிறேன், மற்றதிலிருந்து விடுவியுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இந்த வருடம் கால அட்டவணைக் குழுவுக்கு என்னைக் கன்வீனராகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டம் நடத்திவிட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசுகிறோம், ஒன்றும் முடிவாவதில்லை. கூட்டத்தை எப்படி நடத்துவது?
– உதவிப் பேராசிரியை, அரூர்

பதில்: உங்கள் அஜெண்டாவை எனக்கு அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரும்பாலான அஜெண்டாவில் 'கால அட்டவணை குறித்து விவாதித்தல்' என்று இருக்கும். விவாதிக்கச் சொன்னால் விவாதிப்பார்கள். அதற்குப் பதிலாக 'முதல் மணியை 9.30-லிருந்து 9.50-க்கு மாற்றலாமா?' என்று எழுதிப் பாருங்கள். வருகிறவர்கள் ஒரு பதிலோடு வருவார்கள்.

இந்த 9.50 நான் சும்மா சொன்ன எண் இல்லை. தர்மபுரியில் நான் வேலை செய்த கல்லூரியில் முதல் மணி வகுப்புக்குப் பாதிப் பெண்கள் தாமதமாக வந்தார்கள். மூன்று கூட்டம் இதையே பேசினோம். அபராதம் போடலாம் என்றார் ஒருவர். அப்பாவை வரச்சொல்லலாம் என்றார் இன்னொருவர். மூன்றாவது கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் லேப் அட்டெண்டர், "மேடம், ஏரியூர் வண்டியே ஒன்பது நாற்பதுக்குத்தானே பஸ் ஸ்டாண்டுக்கு வருது" என்றார். அவரும் அந்த வண்டியில்தான் வருகிறார். அவர் எந்தக் குழுவிலும் இல்லை.

இரண்டு மாணவிகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி வரும் நேரத்தை எழுதச் சொன்னோம். பன்னிரண்டு நாளில் பதினோரு நாள் 9.35-க்கு மேல்தான் வந்திருந்தது. நான்காவது கூட்டத்தில் அந்த நோட்டை மேசைமேல் வைத்தேன். அபராதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. பஸ் நேரத்தை மாற்றித் தரும்படி டிப்போவுக்கு மனு கொடுப்பது என்று ஒரு தீர்மானம். அது நடக்கிறவரைக்கும் மதிய இடைவேளையில் பத்து நிமிடம், கடைசியில் பத்து நிமிடம் எடுத்து முதல் மணியைத் தள்ளிவைப்பது என்று இன்னொரு தீர்மானம். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. டிப்போவிலிருந்து பதில் வரவில்லை. ஆனால் கல்லூரி மணி மாறியது, முதல் வகுப்பில் பெஞ்சுகள் நிரம்பின.

ஆகவே கூட்டத்துக்கு முன்னால் விவரம் சேகரியுங்கள், யாரிடம் அந்த விவரம் இருக்கிறதோ அவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் டீ வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். செய்யாதவர் ஒரு தடவை சங்கடப்படுவார், அடுத்த தடவை செய்துகொண்டு வருவார். நான்கு மணிக்கு மேல் கூட்டம் வைக்காதீர்கள். ஊர் தூரமாக இருக்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் எதையும் நன்றாக யோசித்து முடிவெடுக்க முடியாது.

கேள்வி: ஐ.க்யூ.ஏ.சி.யில் மாணவர் பிரதிநிதியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் ஒரு ஓரத்தில் நாற்காலி, டீ, பிஸ்கட். எல்லோரும் என் ஆசிரியர்கள். நான் பேசலாமா?
– பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: பேசலாம் அம்மா. பேசுவதற்காகத்தான் உன்னைப் போட்டிருக்கிறார்கள். மற்ற உறுப்பினர்களுக்கு என்ன உரிமையோ அதே உரிமை உனக்கும் உண்டு.

முதல் கூட்டத்திலேயே பெரிதாக எதையும் எடுக்காதே. உனக்கு மட்டும் தெரிந்த, ஆசிரியர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றை எடு. கிருஷ்ணகிரியில் நான் இருந்தபோது கட்டணத்துக்குக் கடைசி நாள் ஜூன் 10 என்று வைத்திருந்தோம். ஒவ்வொரு வருடமும் பாக்கி நிற்கும், ஒவ்வொரு வருடமும் சர்க்குலர் போடுவோம். ஒரு மாணவன் எழுந்து, "மேடம், எங்க பக்கம் நிறைய வீட்டுல மாந்தோப்புதான். பெங்களூரா காய் கூழ் ஃபேக்டரிக்குப் போயி காசு கைக்கு வர ஜூலை ஆயிடும்" என்றான். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த ஊரிலேயே பல வருடமாக இருந்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை. கடைசி நாள் ஜூலை 31 ஆனது. நிர்வாகத்துக்கும் அதில் நஷ்டம் இல்லை. பாக்கிதான் குறைந்தது.

போகும்முன் உன் வகுப்பில் நான்கு பேரிடம் கேட்டுவிட்டுப் போ. திரும்பி வந்து என்ன முடிவாயிற்று என்று அவர்களிடம் சொல்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பெண்களுக்கான உள்ளகப் புகார்க் குழுவில் துறைத் தலைவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். வெளி உறுப்பினர் என்று போர்டில் ஒரு பெயர் இருக்கிறது. அவரை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. இது சரியா?
– அலுவலகப் பணியாளர், தர்மபுரி மாவட்டம்

பதில்: சரியில்லை. மற்றக் குழுக்களைப்போல இது கல்லூரியின் விருப்பத்துக்கு அமைப்பது இல்லை, சட்டப்படி அமைப்பது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டமும், கல்லூரிகளுக்காக பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதை விவரமாகச் சொல்கின்றன. தலைவர், மூத்த நிலையில் உள்ள ஒரு பெண் ஆசிரியர். இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாத பணியாளர் இரண்டு பேர், பெண்கள் பிரச்சினையில் வேலை செய்யும் வெளி நபர் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவப் பிரதிநிதிகள். மொத்தத்தில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். பதவிக்காலம் மூன்று வருடம். துறைத் தலைவர்கள் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று 2015 விதி வெளிப்படையாகவே சொல்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும். நாளைக்கு லீவு கேட்டு நிற்கவேண்டிய ஆளிடம் போய் யார் இதைச் சொல்வார்கள்?

ஆசிரியர் அல்லாத பணியாளர் இரண்டு பேர் என்பதைக் கவனியுங்கள். அந்த இடம் உங்களைப் போன்றவர்களுக்கு உரியது. முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, விதியின்படி குழுவை மாற்றியமைக்கக் கேளுங்கள். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து எழுதுங்கள். குழுவே அமைக்காவிட்டால் சட்டத்தில் 50,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

யாருக்காவது இப்போதே புகார் இருந்தால், குழு சரியாக அமையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்கவேண்டும். புகார் கல்லூரி நடத்துபவர் மீதே என்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

கேள்வி: என் மருமகள் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறாள், பகுதிநேரம். அங்கே ஆசிரியர்களுக்கு செனட் என்று ஒரு பேரவை இருக்கிறதாம், பாடத்திட்டத்தை அவர்கள்தான் முடிவு செய்கிறார்களாம். உண்மையா? நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?
– ஓய்வு பெற்ற தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

பதில்: உண்மைதான் ஐயா. கேட்டதற்கு நன்றி, எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. கம்யூனிட்டி காலேஜ் என்பது அங்கே இரண்டு வருடப் படிப்புக்கான பொதுக் கல்லூரி. அந்த ஊர்ப் பிள்ளைகளும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களும் சேர்கிற இடம். கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. அங்கே 1988-ல் ஒரு சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி, பாடத்திட்டம், பட்டத்துக்கான தகுதிகள், மதிப்பெண் கொள்கை, ஆசிரியர் பயிற்சி, வரவுசெலவைத் திட்டமிடும் முறை என்று பத்து விஷயங்களில் கல்லூரி வாரியம் ஆசிரியர்களின் செனட்டைக் கலந்துதான் ஆகவேண்டும். ஒன்று, முதன்மையாக செனட்டின் ஆலோசனையையே நம்பி நடக்கவேண்டும். அல்லது இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிவெடுக்கவேண்டும். பதினொன்றாவதாக, இருவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் வேறு எதுவானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் அதைப் 'பத்து கூட்டல் ஒன்று' என்றே சொல்கிறார்கள்.

எனக்கு அதைவிட மனதைத் தொட்டது வேறொன்று. அந்த செனட் கூட்டங்கள் அங்குள்ள பொதுக்கூட்டச் சட்டத்துக்குள் வருகின்றன. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்னாலேயே அஜெண்டாவைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்டவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம். அங்கே 'முன்தேதி மினிட்ஸ்' எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் முழுதாக அப்படி இல்லை. இந்த இரண்டு மாவட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 1997-ல் சேலத்தில் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடத்திட்டம் அங்கிருந்து வரும். அதைத் தயாரிக்கும் பாடத்திட்டக் குழுக்களில் கல்லூரி ஆசிரியர்களும் இருப்பார்கள், ஆனால் எல்லாக் கல்லூரியிலிருந்தும் இருக்க முடியாது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் நிலைமை வேறு. ஒவ்வொரு துறைக்கும் தனிப் பாடத்திட்டக் குழு உண்டு. அதில் துறைத் தலைவரோடு துறை ஆசிரியர்களும், வெளியிலிருந்து வல்லுநர்களும், தொழில் துறையிலிருந்து ஒருவரும், முன்னாள் மாணவர் ஒருவரும் இருப்பார்கள். அதற்கு மேலே கல்விக்குழு. அதில் எல்லாத் துறைத் தலைவர்களோடு, பணிமூப்பின்படி சுழற்சியில் வரும் நான்கு ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. அந்த நான்கு நாற்காலியை நம் ஆசிரியர்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். நினைக்கக்கூடாது.

உங்கள் மருமகளிடம் ஒன்று கேளுங்கள். பகுதிநேர ஆசிரியர்களுக்கு அங்கே வகுப்புக்குத்தான் சம்பளம். கமிட்டியில் உட்காரும் நேரத்துக்குப் பல இடங்களில் தனியாக ஒன்றும் கிடையாது. நம் கௌரவ விரிவுரையாளர்களின் நிலையும் இதேதான். நாள் முழுக்க மாணவர்களோடு இருப்பவர்கள் அவர்கள், ஆனால் முடிவெடுக்கும் அறையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இது இரண்டு தேசத்திலும் சரிசெய்ய வேண்டிய குறை.

கேள்வி: 22 வருடம் ஆகிவிட்டது. எந்தக் கமிட்டியில் எதைச் சொன்னாலும் கடைசியில் நிர்வாகம் நினைத்ததுதான் நடக்கிறது. இனி எதற்கு நான் போய் உட்காரவேண்டும்?
– இணைப் பேராசிரியர், ஊத்தங்கரை

பதில்: உங்கள் அலுப்பு நியாயமானது சார். புதுக் கட்டடம் எங்கே கட்டுவது, யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் ஆசிரியர் சொல் எடுபடாததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நிர்வாகம் எட்டிக்கூடப் பார்க்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. நூலகத்துக்கு என்ன வாங்குவது, மாதத் தேர்வை எப்படி வைப்பது, பின்தங்கிய பிள்ளைக்கு யார் நேரம் ஒதுக்குவது என்று எத்தனையோ. அங்கே நாம் இல்லையென்றால் முடிவெடுக்க யாருமே இல்லை.

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். அதில் சிலர் தமிழில் விடை எழுதத் திணறுவார்கள். எங்கள் நூலகக் குழுவில் இருந்தது மூன்றே பேர். அந்த வருடப் பணத்தில் ஒரு பகுதிக்கு எளிய தமிழ் நூல்களும் அகராதிகளும் வாங்கினோம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்க ஏற்பாடு செய்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவேண்டிய அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். வருடக் கடைசியில் நாற்காலி போதவில்லை. உங்களுக்கு 22 வருட அனுபவம் இருக்கிறது. ஒரு சின்னக் குழுவாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மினிட்ஸைத் தமிழில் எழுதலாமா? எங்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்கிறார்கள்.
– உதவிப் பேராசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக எழுதலாம். வெளியே அனுப்புகிற பிரதிக்கு ஆங்கிலம் கேட்டால், அதை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுங்கள். கல்லூரிக்குள் வைக்கும் நோட்டு, அதில் சம்பந்தப்பட்ட எல்லோரும் படிக்கிற மாதிரி இருக்கவேண்டும்.

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையோடு வரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீர் கிடைக்கத் தொடங்கியது. எங்கள் கல்லூரிக்கும் இணைப்பு வந்தது. குடிக்க அந்தத் தண்ணீர், மற்றதுக்கு போர்வெல் தண்ணீர் என்று வசதிகள் குழுவில் தீர்மானம் போட்டுக் குழாய்களுக்கு மேல் பலகை மாட்டினோம். மறு வருடம் எங்கள் லேபில் மாணவர்களை வைத்து இரண்டையும் சோதித்துப் பார்த்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போகக்கூடாது. போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது, அது தெரிந்ததுதான். ஆனால் 'குடிநீர்' என்று எழுதிய குழாயிலும் ஏறக்குறைய அதே அளவு வந்தது. சோதனையில்தான் தவறு என்று நினைத்து மறுபடி செய்தோம். அதே அளவுதான் வந்தது.

குழுவில் பேசினோம், காரணம் புரியவில்லை. பேசியதை நான் வழக்கம்போலத் தமிழில் எழுதி, நோட்டீஸ் போர்டிலும் ஒரு பிரதி ஒட்டினேன். மறுநாள் காலையில் அலுவலக உதவியாளர் ஒருவர் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். மோட்டார் போடுவது அவர் வேலை. என்னைப் பார்த்ததும், "மேடம், குழாய்தான் ரெண்டு. சம்ப்பு ஒண்ணுதானே? ரெண்டு தண்ணியும் அதுலதான் வந்து விழுது" என்றார்.

அன்றைக்கே அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. அந்த மாதமே தனித் தொட்டி ஒன்று, 1,000 லிட்டர், மேலே ஏற்றி ஒகேனக்கல் இணைப்பை நேராக அதில் விட்டோம். பைப் வேலை நடந்த மூன்று நாளும் அவர் பக்கத்திலேயே நின்றார். திரும்பச் சோதித்தபோது அந்தக் குழாயில் ஃபுளோரைடு வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. அடுத்த கூட்டத்திலிருந்து அவரை வசதிகள் குழுவில் உறுப்பினராகச் சேர்த்தோம். அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார்.